ரெண்டு வார்த்தைக்கு ஒரு ம்

நடுவைநேரியில் பேச்சு இரண்டு வார்த்தையாகச் சுருங்கியது எந்த நாளில் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐப்பசி மழையில் தரைப்பாலத்து வெள்ளம் மினிபஸ்ஸையும் அதிலிருந்த ஏழு பேரையும் பட்டப்பகலில், பதினொரு மணிக்கு, இழுத்துக்கொண்டு போன பிறகு, பதினாறு நாளைக்கு அந்த ஊரில் யாருக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் தேவைப்படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் "என்னத்தச் சொல்ல" என்றார்கள், வீட்டுக்காரர்கள் "போயிட்டாளே, போயிட்டாளே" என்றார்கள், சமையல்காரர் "உப்பு பாருங்க" என்றார், அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஏழு வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழையபடி பேச வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு வார்த்தை வருகிறது, மூன்றாவது வரவில்லை. தொண்டை கட்டவில்லை, நாக்கு மரத்துப்போகவில்லை, வலி என்று ஒன்றும் இல்லை. மூன்றாவது வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, எதிரில் இருப்பவர் "ம்" என்று சொல்லும்வரை காத்திருந்தது. அவர் "ம்" சொன்னதும் இரண்டு வார்த்தை வெளியே வந்தது. மறுபடி நின்றது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டது. சுகாதாரத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து எல்லோர் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியை விட்டுப் பார்த்தார்கள், ஊர் வளைவைத் தாண்டி உள்ளே வந்ததும் அவர்களுக்கும் இரண்டு வார்த்தைதான் வந்தது, "வாயைத் திறங்க" என்பதோடு வேலை முடிந்துவிட்டதால் அவர்கள் அதைக் கவனிக்காமலே போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து "ம்" போட, பாடம் மாட்டுவண்டிபோல ஆடி ஆடி நகர்ந்தது. குழாயடியில் சண்டை போட முடியவில்லை, ஏசுகிறவள் ஏசி முடிக்க ஏச்சு வாங்குகிறவள் அல்லவா "ம்" சொல்ல வேண்டும். முதல் வாரம் வாயை இறுக மூடிக்கொண்டு எதிராளியை ஊமையாக்கினார்கள், இரண்டாம் வாரம் அதுவும் சலித்துப்போய், ஒருத்திக்கு ஒருத்தி மரியாதையாக "ம்" கொடுத்துக்கொண்டு நிதானமாக ஏசிக்கொண்டார்கள். அம்மன் கோவிலில் அர்ச்சகர் மந்திரத்தில் இரண்டு சொல் சொல்லிவிட்டுக் கருவறையைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றார், பிறகு தீபாராதனையைக் காட்டிவிட்டார், அன்றிலிருந்து பூசை அவ்வளவுதான். கும்பிட வந்தவர்களும் "தாயே, காப்பாத்து" என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்; யோசித்துப் பார்த்தால் அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை என்றும் சிலருக்குத் தோன்றியது. தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் சுடலைமுத்து வாத்தியார் ஒருவருக்குத்தான் தடையில்லை, அவரே பேசி அவரே "ம்" போட்டுக்கொண்டார், முழு வாக்கியம் ஒன்றைக் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் சும்மா அவர் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு விதிகளை ஊர் சீக்கிரமே கற்றுக்கொண்டது. யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவர்தான் "ம்" சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர் சொன்னால் செல்லாது. அந்த "ம்" கேட்டுச் சொன்ன "ம்" ஆக இருக்க வேண்டும். டிவியைப் பார்த்துக்கொண்டே கணவன் போடுகிற "ம்"முக்கு மனைவியின் வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வெளியே வராது. இதனால் நடுவைநேரியில் எத்தனை வீட்டில் எத்தனை காலமாக யாரும் யாரையும் கேட்கவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துபோனது, அதையும் ஊர் பொறுத்துக்கொண்டது.

மினிபஸ்ஸை ஓட்டியவன் பூதத்தான். அவனும் வெள்ளத்தோடு போனான். முழங்கால் தண்ணீர்தானே என்று திமிராக வண்டியை விட்டு ஆறு பேரைக் கொன்றவன் என்று ஊர் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தது, அவன் வீட்டில் மட்டும் பதினாறாம் நாள் பந்தியில் இலைகள் மிச்சமாயின. அந்த வீட்டில் இப்போது இரண்டு பெண்கள். ஒருத்தி அவன் மனைவி சண்முகக்கனி. மற்றவள் அவன் தங்கை உலகம்மை, முப்பத்தாறு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனிக்காக இங்கே மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்.

அவள் வேலை என்னவென்று ஊரில் கேட்டால் "நெட்டு வேலை" என்பார்கள், அது தப்பில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தகவல் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வர, இந்தப் பக்கம் தைரியம் வந்து ஒரே மூச்சில் அனுப்பும் அளவைக் கூட்டிக்கொண்டே போகும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று பயந்து அளவைக் குறைத்துக்கொள்ளும், கொஞ்ச காலம் அடக்கமாக இருந்துவிட்டுப் பிறகு மெல்ல மெல்லப் பழைய வேகத்துக்கு வரும். எவ்வளவு குறைப்பது, எப்போது மறுபடி கூட்டுவது என்று முடிவு செய்கிற நிரல்தான் உலகம்மையின் பொறுப்பு. அதில் ஒரு பிழை இருந்தது. சில இணைப்புகள் ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு இரண்டு பாக்கெட் என்ற கடைசி அளவுக்குச் சுருங்கி, அப்புறம் பாதை காலியாகக் கிடந்தாலும் வளரவே மாட்டேன் என்றன. மலைமேல் ஒரு ஆஸ்பத்திரி அனுப்பும் ஸ்கேன் படம், நிமிஷத்தில் போக வேண்டியது, ஒரு பகல் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பே இது அவள் கைக்கு வந்துவிட்டது. அண்ணன் செத்த அன்றைக்கு பதினொரு மணிக்கு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைப் பற்றித்தான் அவள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். கீழே மைனி சண்முகக்கனி கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். மேலதிகாரி தாமஸ் ராஜமணி நல்ல மனிதர், "இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கம்மா" என்றார். ஆனால் வேலையை விட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. போனில் அவளுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது, தாமஸ் எதையோ டைப் அடித்துக்கொண்டே போட்ட "ம்" செல்லவில்லை. எழுத்துக்குத் தடையில்லாததால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்பினாள். நடுவைநேரியில் பேச்சு நின்றுபோன விவரத்தையும் எழுதினாள். "உங்க ஊர் பக்கம் டவர் எப்பவுமே வீக்குதானே" என்று அவர் பதில் போட்டார்.

சண்முகக்கனிக்கு அந்த வாரத்திலிருந்து யாரும் "ம்" கொடுக்கவில்லை. அது கட்டுப்பாடோ தீர்மானமோ இல்லை, யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததும் இல்லை. கடைக்குப் போனால் "அரைக்கிலோ உளுந்து" என்பாள், உளுந்து வரும். பால்காரனிடம் "நாளைக்கி வேண்டாம்" என்பாள், அவன் தலையாட்டிவிட்டுப் போவான். கோவிலில், ரேஷன் கடையில், எதிர்வீட்டு வாசலில் அவள் மூன்றாவது வார்த்தைக்காக ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள், எதிரில் இருப்பவர் கண் வேறு பக்கம் போகும், அவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவாள். ஏழு குடும்பத்தில் ஒரு குடும்பமாக அழுதிருக்க வேண்டியவள், மற்ற ஆறு குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவளாக நின்றாள், பதிலோ இரண்டு வார்த்தைக்குள் அடங்குவதாக இல்லை.

வீட்டுக்குள் உலகம்மை இருந்தாள், ஆனால் சொல்லப் போனால் அவளும் இல்லை. சோறு போடும்போது மைனி தொடங்குவாள்.

"உலகு, அன்னைக்கி—"

"ம்," என்பாள் உலகம்மை, தட்டுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி.

அந்த "ம்" செல்லாது. மைனி வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ரசத்தை ஊற்றிவிட்டு, அடுக்களைக்குப் போய்விடுவாள். இப்படி எத்தனை முறை நடந்தது என்று உலகம்மைக்குத் தெரியாது. தெரியாது என்பதையே அவள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள்.

கார்த்திகை பாதியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவள் பிழையைப் பிடித்தாள்.

யாரோ நல்ல மனசுள்ள ஒருவர் பல வருஷத்துக்கு முன்னால் எழுதிச் சேர்த்த நாலு வரியில் அது இருந்தது. அனுப்புகிறவன் சொல்ல ஒன்றுமில்லாமல் சும்மா இருந்த நேரத்தைத் துக்கத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால் சும்மா இருந்தவன் மறுபடி பேசத் தொடங்கும்போது, இழப்பு நடந்த தேதியை அத்தனை தூரம் இன்றைக்குப் பக்கமாக நகர்த்தி வைத்துவிடு என்று எழுதியிருந்தார். நியாயம்தான். ஆனால் இரண்டே பாக்கெட்டுக்குச் சுருங்கிப்போனவன் இரண்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான், பதில் வருகிற நொடியில் அவன் கை காலியாக இருக்கிறது, அதைப் பார்த்து நிரல் இவன் இவ்வளவு நேரம் சும்மாதான் இருந்தான் என்று முடிவு கட்டுகிறது. காத்திருந்ததை ஓய்வு என்று நினைத்துவிடுகிறது. உடனே இழப்பு நடந்த தேதியை நகர்த்தி இன்றைக்கு வைக்கிறது. அடுத்த இரண்டு பாக்கெட், அடுத்த பதில், மறுபடி இன்றைக்கு. எத்தனை நாள் போனாலும் அவனுக்கு இழப்பு இன்றைக்குத்தான் நடந்திருக்கிறது, இன்றைக்கு இழந்தவனிடம் யார் போய் வேகமாகப் போ என்று சொல்வார்கள்.

திருத்தம் ஒரே வரி. சும்மா இருந்த நேரத்தைக் கடைசியாகப் பேசியதிலிருந்து எண்ணாதே, கடைசியாகப் பதில் கேட்டதிலிருந்து எண்ணு. அவ்வளவுதான். உலகம்மை அதை எழுதி, ஓட்டிப் பார்த்து, திரையில் வேகத்தைக் காட்டும் கோடு தரையிலிருந்து எழும்பி மேலே மேலே ஏறுவதைப் பார்த்தாள், மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மைனி!"

சண்முகக்கனி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "ம்" என்றாள். அது கேட்டுச் சொன்ன "ம்" தான், உலகம்மைக்கு அடுத்த இரண்டு வார்த்தைக்கு வழி திறந்தது, ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. படியில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாளில் திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மலைமேல் ஆஸ்பத்திரியின் படங்கள் நொடியில் பறந்தன. தாமஸ் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் போட்டார், அவள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு மூன்று இடத்தில் பாராட்டினார். அன்று சாயங்காலம் உலகம்மை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதற்கு இறங்கினாள் என்று கேட்டிருந்தால் சோப்பு வாங்க என்று சொல்லியிருப்பாள். உண்மையில் அவளுக்குள் ஒரு வெட்கங்கெட்ட நம்பிக்கை இருந்தது. உலகம் முழுக்க எத்தனையோ லட்சம் இணைப்புகள் இரண்டிலிருந்து எழுந்து நடந்திருக்கின்றன, இந்த ஒரு ஊர் எழுந்திருக்காதா என்று. டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மழை வருமா?"

"ம். வரும்போல."

"ம். கொளம் நெறஞ்சிருச்சி."

"ம்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். "ரெண்டு சோப்பு" என்றாள், வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் சுடலைமுத்து வாத்தியார், இந்த மழைக்குப் பிறகு தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டப் போவதாக யாரோ சொன்னார்கள், யார் சொன்னார்கள், நான்தான் சொன்னேன், ம், என்று தன் போக்கில் பேசிக்கொண்டு போனார், உலகம்மை தெருமுனைவரை அவர் பின்னால் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப் மூடியிருந்தது. சாப்பிட்டு முடித்து உலகம்மை எழுந்திருக்காமல் தட்டில் கை காய உட்கார்ந்திருந்தாள். மைனி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கி காலைல—"

"ம்," என்றாள் உலகம்மை.

மைனியின் கண் விரிந்தது. வழி திறந்துவிட்டதை அவள் உடம்பு முதலில் அறிந்தது, பயந்தவள்போல ஒரு நொடி நிறுத்தினாள், பிறகு சொன்னாள்.

"உங்க அண்ணன்—"

"ம்."

"போன் பண்ணாக."

"ம்."

"பாலத்துக்கு இந்தப்பக்கம்—"

"ம்."

"வண்டிய நிப்பாட்டிட்டு."

இது உலகம்மைக்குத் தெரியாத செய்தி. நிறுத்தினானா? அண்ணன் வண்டியை நிறுத்தியிருந்தானா? அவள் "ம்" என்பதற்குக் கொஞ்சம் தாமதமானது. மைனி காத்திருந்தாள். இப்படி இரண்டிரண்டாக, ஒரு பாத்திரம் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு இறைப்பதுபோல, மத்தியான வெயில் அடுக்களை ஜன்னலை விட்டுப் போகும்வரை அவள் சொன்னது இதுதான். பூதத்தான் எதையும் அவளைக் கேட்காமல் செய்கிறவன் இல்லை, சட்டை எடுத்தாலும் கேட்பான், டயர் மாற்றினாலும் கேட்பான். அன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறான். தண்ணீர் மேலே ஓடுகிறது, முழங்கால் அளவுதான் தெரிகிறது, உள்ளே இருப்பவர்கள் நேரமாகிறது என்கிறார்கள், நேரே வரவா, மேற்கே சுற்றிக்கொண்டு வரவா என்று கேட்டிருக்கிறான். சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம் கூட. காற்றும் மழையும் இரைகிற சத்தத்தில் அவன் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டிருக்கிறது.

"நான் சொன்னேன்—"

"ம்."

"'சுத்தி வாங்க'ன்னு."

"ம்."

"லைன் கட்டாயிருச்சி."

"ம்."

"அவுக ம்—"

மைனி நிறுத்தினாள். அது வார்த்தை தீர்ந்து நின்றது மட்டும் இல்லை. உலகம்மை "ம்" என்றாள், மைனி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"—சொல்லல, உலகு."

அவன் "ம்" சொல்லவில்லை. அவள் சொன்ன இரண்டு வார்த்தையில் இரண்டும் போய்ச் சேர்ந்ததா, ஒன்று மட்டும் சேர்ந்ததா, ஒன்றுமே சேரவில்லையா. 'சுத்தி' வழியில் தொலைந்து 'வாங்க' மட்டும் அவன் காதில் விழுந்திருந்தால், அவன் அவள் பேச்சைத்தான் கேட்டு வந்திருக்கிறான். இரண்டும் விழுந்திருந்தால், வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொன்னதை மீறி வந்திருக்கிறான். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவள் நாற்பது நாளாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், இழப்பு ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் நடந்துகொண்டிருந்தது.

"நெட்டு வேலைதானே—"

"ம்."

"நீ பாக்க."

"ம்."

"அந்த வார்த்தை—"

"ம்."

"போச்சா, போகலையா?"

"ம்."

"பாத்துச் சொல்லு."

உலகம்மை தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். திங்கட்கிழமை தாமஸுக்கு எழுதினாள், தாமஸ் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு எழுதினார், அவர் போன் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னொருவரைப் பிடித்தார். நாலு நாள் கழித்து ஒரு வரி வந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கிய அழைப்பு, நாற்பத்தொரு விநாடி. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. பேசிய பேச்சை யாரும் வைத்திருப்பதில்லை. அது அவளுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் கேட்டாள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். படம் போனால், கடிதம் போனால், வழியில் தொலைந்த துண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிவிடலாம், பத்து வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். போனில் பேசும் பேச்சை அப்படிச் செய்வதில்லை. திரும்ப அனுப்பி வாங்குவதற்குள் பேச்சு தாண்டிப் போய்விடும் என்பதால், தொலைந்தது தொலைந்ததாகவே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

போய்ச் சேரவில்லை மைனி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். சேர்ந்தது என்று சொல்லலாமா என்றும் யோசித்தாள். முதலாவது மைனியைக் கொல்லும், இரண்டாவது அண்ணனை இன்னொரு முறை கொல்லும். கடைசியில் படியிறங்கி வந்து நின்றாள்.

"தெரியாது மைனி."

சண்முகக்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு உள்ளே போய் வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"லெச்சுமிகாந்தம் வீட்டுக்கு—"

"ம்."

"வாரியா, தொணைக்கி?"

லெட்சுமிகாந்தம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அந்த பஸ்ஸில் அவளுடைய ஒரே மகள் சுடர்க்கொடி போனாள், நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தவள். பூதத்தானின் பந்தியில் இலை மிச்சமானதற்கு முதல் காரணம் லெட்சுமிகாந்தம்தான். அவள் தன் ஆட்கள் யாரையும் அங்கே அனுப்பவில்லை என்று தெரிந்து மற்றவர்களும் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாமே என்று உலகம்மை கேட்டாள். "எழுத மாட்டேன்" என்றாள் மைனி.

பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு லெட்சுமிகாந்தம் வீடு திரும்பும் நேரத்தில் இருவரும் அவள் வாசலில் நின்றார்கள். அவள் கேட்டைத் திறந்து, இவர்களைப் பார்த்து, உள்ளே போகவும் இல்லை, வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. சண்முகக்கனி நின்ற இடத்திலிருந்தே தொடங்கினாள்.

"அக்கா, அவுக—"

தெருவில் ஒரு மாடு கடந்து போனது. நெடுநேரம் கழித்து லெட்சுமிகாந்தம் "ம்" என்றாள். அது கேட்டுச் சொன்ன "ம்" ஆக இருந்தது. மகள் செத்த இடத்தில் என்ன நடந்தது என்று ஒருத்தி சொல்ல வந்திருக்கும்போது, அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாலத்துக்கு இந்தப்பக்கம் என்றாள், "ம்" வந்தது. வண்டியை நிப்பாட்டி என்றாள், லெட்சுமிகாந்தம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், "ம்" வந்தது. முழங்கால் தண்ணி, வரவான்னு கேட்டாக, எல்லாவற்றுக்கும் வந்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. உலகம்மை பத்தடி தள்ளி நின்றாள், அவள் உதடுகள் ஒவ்வொரு முறையும் தன்னையறியாமல் "ம்" என்று அசைந்தன, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நான் சொன்னேன்—"

"ம்."

"'சுத்தி வாங்க'ன்னு."

லெட்சுமிகாந்தம் "ம்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். சண்முகக்கனி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெட்சுமிகாந்தம் மறுபடி சொன்னாள், "ம்." தலையை ஆட்டிச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், கேட் கம்பியை உலுக்கிக்கொண்டு சொன்னாள். செல்லவில்லை. கொடுக்கக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை, அது தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. சுத்தி வந்திருந்தால் என்ற ஒன்றை, அந்த முக்கால் மணி நேரத்தை, மேற்கு ரோட்டில் பத்திரமாக வந்துகொண்டிருக்கும் மகளை, உள்ளே வாங்கிக்கொண்டால்தான் அந்த "ம்" செல்லும். அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. உலகம்மை ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்று, ம், ம், ம் என்று அழுகையோடு சொன்னாள். அந்தப் பேச்சு அவளைப் பார்த்துப் பேசியது அல்ல, அதனால் அவள் "ம்" செல்லவில்லை. மீதி வார்த்தைகள், லைன் கட்டானதும், அவன் "ம்" சொல்லாததும், சண்முகக்கனியின் பல்லுக்குப் பின்னாலேயே நின்றன. பள்ளிக்கூடத்து மணிக்கூண்டில் ஐந்து அடித்தது. லெட்சுமிகாந்தம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கி வா," என்றாள்.

மறுநாள் போனார்கள். முதலிலிருந்து தொடங்கினார்கள், அதே இடத்தில் நின்றது. அதற்கு மறுநாளும் போனார்கள். ஊர் இதையும் பழகிக்கொண்டது, நாலு மணிக்கு அந்தத் தெருவில் சைக்கிள் மணிகூட அடிக்காமல் உருட்டிக்கொண்டு போனார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மரியாதை செய்தார்கள். எட்டாம் நாள் லெட்சுமிகாந்தம் கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். பன்னிரண்டாம் நாள் டீ கொடுத்தாள். பேச்சு 'சுத்தி வாங்க' என்பதைத் தாண்டவில்லை.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள், வழக்கமான இடத்தில் பேச்சு நின்று, மூன்று பேரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, லெட்சுமிகாந்தம் எதையோ நினைத்துக்கொண்டவள்போல நிமிர்ந்து சண்முகக்கனியைப் பார்த்தாள்.

"அவ அன்னைக்கி—"

ஊரில் எல்லோரும் லெட்சுமிகாந்தத்துக்கு இரண்டு மாதமாக "ம்" போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் மகளைப் பற்றி அவள் யாரிடமும் இதுவரை இரண்டு வார்த்தையைத் தாண்டியதில்லை, தாண்ட வந்தபோதெல்லாம் கேட்கிறவர்களின் "ம்" அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து செல்லாமல் போயிருந்தது.

"ம்," என்றாள் சண்முகக்கனி.

"இட்லி வேண்டாம்னா."

"ம்."

"ஏசிப் போட்டேன்."

"ம்."

"திங்காமலே ஓடிட்டா."

"ம்."

"சட்னி நல்லால்லையாம்."

"ம்."

லெட்சுமிகாந்தத்துக்குச் சிரிப்பு வந்தது, அதோடு மற்றதும் வந்தது, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, எடுத்துவிட்டு, மறுபடி சொன்னாள். மகளின் தலைமுடி, மகளின் செருப்பு, ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆரஞ்சுப் பழத்தைக் குத்திக் குத்தி வைத்தது, அந்தப் பழத்தை யாரும் தின்னாமல் தூக்கிப் போட்டது. இரண்டிரண்டாக வந்தது. ஒரு "ம்" கூடத் தவறவில்லை. மைனி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை அசைக்காமல், ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு வழி விட்டாள்.

தான் சொல்ல வேண்டிய மிச்சத்தை அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகு எப்போதாவது சொன்னாளா என்று தெரியாது. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. உலகம்மை மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்து, சுட வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், அடுக்களை வாசலிலேயே நின்றாள். அந்த வீட்டில் அப்போது அவளுடைய "ம்" யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.